மீன் பிய்க்கிற கை

யாந்தே ஃபாயின் வீட்டைப் பார்த்துக் கடலோர ஊரான தியாரோயில் யாரும் பொறாமைப்பட்டதில்லை. தகரக் கூரை, பூசாத சுவர். அவள் புருஷன் லாத்திர் கொத்தனார்தான். ஊரார் சுவரையெல்லாம் கண்ணாடி மாதிரிப் பூசிவிட்டு வருகிற மனுஷனுக்குத் தன் வீட்டுச் சுவரைக் கண்டால் மட்டும் கை வலிக்கும். பொறாமையெல்லாம் அந்த வீட்டு எனாமல் தாம்பாளத்தின் மேல்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் லாத்திர் வாரக் கூலியைக் கொண்டுவந்து யாந்தேயின் கையில் வைப்பான். அடுத்த சனி வரைக்கும் அதிலேதான் வீடு ஓட வேண்டும். வீடு என்றால் சும்மாவா? புருஷன் பெண்டாட்டி, நாலு பிள்ளைகள், லாத்திரின் தம்பி. போதாததற்கு மத்தியானம் வாசலைக் கடந்துபோகிற எவனும். சாப்பிடும்போது கடந்துபோகிறவனை "வாங்க, சாப்பிடலாம்" என்று கூப்பிடாமல் விட்டால் அப்புறம் அந்த வீட்டுக்கு ஊரில் என்ன மரியாதை? கூப்பிட்டே ஆக வேண்டும். மற்ற வீடுகளில், "இப்பத்தான் சாப்பிட்டேன், வயிறு நிறைஞ்சிருக்கு" என்று வயிற்றைத் தட்டிக் காட்டிவிட்டுப் போய்விடுவார்கள். யாந்தே வீட்டில் ஒரு பயலும் வயிற்றைத் தட்டியதில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

இத்தனை பேருக்கும் அவள் போட்டாள். ஏனோதானோவென்று போடவில்லை, நாக்கு கேட்கிற மாதிரிப் போட்டாள். மத்தியானம் நொய்யரிசியில் மீன்சோறு. அதில் ஒரு துண்டு கருவாடு விழுந்திருக்கும். அந்தத் துண்டை யாரும் பார்த்ததில்லை, வாசனையை நாலாவது வீடு வரை எல்லோரும் பார்த்தார்கள். ராத்திரிக்குக் கம்பு, மேலே முருங்கைக்கீரையும் நிலக்கடலையும் போட்ட குழம்பு. கீரைக்குக் காசு ஏது? பள்ளிக்கூடத்து வேலியோரம் மரம் நிற்கிறது. தட்டப்பயறு வேகவைக்கிற நாளில் முந்தின நாள் ரொட்டி மலிவாகக் கிடைக்கும். சாளைமீனை முள் எடுத்து, அந்த ரொட்டியோடு பூண்டும் மிளகாயும் சேர்த்து இடித்து உருட்டிவிட்டாளானால் கால் கூடை மீன் ஒரு கல்யாணத்துக்கு வந்தது போலத் தெரியும்.

அவளைத் தியாகி என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். எல்லோருக்கும் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு படுக்கிற ஜாதி இல்லை அவள். சோறு இறக்கியதும் முதல் வேலையாக அடிச்சட்டிக் காந்தலைச் சுரண்டி, எண்ணெய் மினுங்க, ஒரு மீன் தலையையும் வைத்துக்கொண்டு அடுப்படியில் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிடுவாள். "சமைக்கிறவளுக்குப் பசிச்சா உப்பு கூடிப்போகும்" என்று அதற்கு ஒரு நியாயமும் வைத்திருந்தாள்.

ஆனால் அவளுடைய நிஜமான சாமர்த்தியம் தாம்பாளத்தின் முன்னால்தான். எல்லோரும் சுற்றி உட்கார்ந்து அவரவர் பக்கத்துச் சோற்றைத்தான் அள்ள வேண்டும். கை எல்லை தாண்டக் கூடாது. மீனும் காய்கறியும் நடுவில் இருக்கும். அதைத் தொடுகிற உரிமை வீட்டுக்காரிக்கு மட்டும்தான். பிய்த்துப் பிய்த்து ஒவ்வொருவர் பக்கமும் அவள்தான் தள்ளுவாள். எந்த வீட்டில் எவள் கை மீனைப் பிய்க்கிறதோ அவள்தான் அந்த வீட்டு ராணி, வேறு விசாரிக்கவே வேண்டாம். யாந்தேயின் விரல் பட்டால் ஒரு மீன் ஒன்பது பேருக்கு வரும். ஒவ்வொருத்தனும் தனக்குத்தான் நல்ல துண்டு வந்தது என்று நினைத்துக்கொண்டு எழுந்திருப்பான்.

இவ்வளவு நன்றாகச் சாப்பிடுகிற வீட்டை ஊர் சும்மா விடுமா? கொத்தனார் கூலியில் இப்படியெல்லாம் தின்ன முடியாது என்று ஒருத்தி ஆரம்பித்தாள். காலையில் யாந்தே கடற்கரையில் படகுக்காரன்களோடு இளித்துக்கொண்டு நிற்கிறாளாம் என்று இன்னொருத்தி தூக்கிக்கொண்டு ஓடினாள். மளிகைக்கடை யேரோ அவளுக்கு மட்டும் அள்ளி அள்ளிப் போடுகிறானாம் என்று அதற்குக் கால் முளைத்தது. இந்தக் கால் முளைத்த பேச்சு எப்படியோ பஸ் பிடித்துக் கவ்லாக் வரைக்கும் போய், லாத்திரின் அக்கா திபோரின் காதில் இறங்கிவிட்டது.

திபோர் கவ்லாக் சந்தையில் துணி வியாபாரம் செய்கிறவள். ஆள் வருவதற்கு முன்னால் அவள் கட்டியிருக்கிற துணியின் சரசரப்பு வரும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், லாத்திர் கூலியை எடுத்து நீட்டுகிற அதே நேரத்துக்கு வாசலில் வந்து நின்றாள்.

"இரு தம்பி. அந்தக் காசை இங்கே கொடு" என்றாள்.

லாத்திர் திருதிருவென்று முழித்தான். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு வராது. காசு கைமாறிவிட்டது.

"இந்தக் காசுக்கு இந்தச் சாப்பாடு வராதுன்னு ஊரே சொல்லுது" என்றாள் திபோர். யாந்தேயின் மூஞ்சிக்கு நேராகத்தான் சொன்னாள். "வருதுன்னா எங்கிருந்தோ வருது. யாரு குடுக்கிறா? இந்த வாரம் நான் சமைக்கிறேன். இதே காசிலே இப்படிச் சாப்பாடு வந்துச்சுன்னா உன் பேச்சை நம்புறேன். வரலைன்னா என் தம்பி வீட்டு அடுப்பு இனிமே என் கையிலே. மாசாமாசம் நானே வந்து உட்கார்ந்து நடத்திக்கிறேன்."

"மதினி, ரெண்டு வார்த்தை..." என்று ஆரம்பித்தாள் யாந்தே.

"சட்டியைக் கழுவி வை. போதும்."

அன்று ராத்திரி யாந்தே சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் படுத்தாள். அடுப்பு போவதுகூடப் பரவாயில்லை. 'யாரு குடுக்கிறா' என்ற அந்த வார்த்தைதான் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது. லாத்திர் ஒரு வார்த்தை எனக்காகப் பேசியிருக்கக் கூடாதா என்று அவனைப் பார்த்தாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான், அந்தப் பூசாத சுவரை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்க்கிறவனைப் போல.

ஞாயிற்றுக்கிழமை திபோர் சந்தைக்குப் போய் ஒரு களவா மீன் வாங்கி வந்தாள். மீனா அது? தூக்கிவந்த பையன் மூச்சு வாங்கினான். தாம்பாளத்தின் நடுவில் வைத்து, வளையல் குலுங்க அவளே பிய்த்தாள். தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த லாத்திருக்கு ஒரு பெரிய கட்டி. அதற்கடுத்து மூத்த பிள்ளைக்கு ஒரு கட்டி. லாத்திரின் தம்பி பக்கம் கை வருவதற்குள் முள்தான் மிச்சம். தம்பி அன்றைக்கு முட்டைக்கோஸ் தின்றான். திங்கட்கிழமை ஆட்டுக்கறி. செவ்வாய்க்கிழமை எலுமிச்சையும் வெங்காயமும் போட்டுக் கோழி. பிள்ளைகள் பெரியத்தை வந்தது பெருநாள் வந்தது என்று குதித்தன. யாந்தே சட்டியைக் கழுவினாள். புதன்கிழமை காலையில் திபோர் தன் முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தாள். சில்லறைதான் இருந்தது. சனிக்கிழமை ரொம்பத் தூரத்தில் இருந்தது.

அவளுக்கு அப்போதுதான் யேரோவின் கடை ஞாபகம் வந்தது. அங்கே நடக்கிற கூத்தை முந்தாநாள் அவளே கேட்டிருந்தாள். யாந்தே செரேர் இனத்தவள், யேரோ புலார் இனத்தவன். செரேருக்கும் புலாருக்கும் பாட்டன் பூட்டன் காலத்திலிருந்தே கேலி முறை. என்ன வேண்டுமானாலும் திட்டலாம், கோபம் மட்டும் வரக் கூடாது. கோபப்பட்டால்தான் தப்பு.

"வந்துட்டாடா என் அடிமை! உங்க பாட்டனை எங்க பாட்டன் ஒரு குடம் மோருக்கு வாங்கினான், மறந்துடாதே" என்பான் யேரோ.

"வாங்கினவன் பேரன் இன்னைக்குக் கம்பி வலைக்குள்ளே உட்கார்ந்திருக்கான், வித்துப்போனவன் பேத்தி வெளியே நிக்கிறேன். யாருடா அடிமை? தக்காளி விழுதை ஸ்பூன்லே அள்ளுறியா, நகத்தாலே கிள்ளுறியா? போடு இன்னும்!"

யேரோ சிரித்துக்கொண்டே இன்னொரு ஸ்பூன் போடுவான். வெங்காயத்தில் ரெண்டு கொசுறு விழும். அடுத்து நிற்கிறவளுக்கு அது விழாது, அவளுக்கு முறை இல்லை. யேரோ அள்ளி அள்ளிப் போடுகிறான் என்று ஊர் பேசியதெல்லாம் இவ்வளவுதான்.

திபோரும் செரேர்தானே! அவளுக்கும் அதே முறை உண்டு. மூன்று நாளும் நோட்டை நீட்டிப் பேரம் பேசாமல் வாங்கிய கவ்லாக் முதலாளி, அன்றைக்குச் சில்லறையை முடிந்துகொண்டு கிளம்பினாள். தூக்குப் பாத்திரத்தைச் சுமக்க யாந்தே பின்னால் போனாள்.

கடை வாசலில் நாலைந்து பெண்கள் நின்றார்கள். கம்பி வலைக்குப் பின்னால் எப்போதும் இருட்டு. உள்ளே ஸ்டூலில் குல்லா போட்ட உருவம் ஒன்று உட்கார்ந்திருந்தது. திபோர் இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏ அடிமை! என்ன முழிக்கிறே? உங்க தாத்தன் எங்க தாத்தன் மாட்டுக்குப் பின்னாலே சாணி அள்ளிக்கிட்டுத் திரிஞ்சவன்தானே! எண்ணெயிலே தண்ணியைக் கலந்து கலந்து வயித்தை வளர்த்திருக்கே பாரு! ஒரு டம்ளர் எண்ணெய் ஊத்து, கை நடுங்காம ஊத்து. வெங்காயம் கொசுறு போடு. மூஞ்சியைப் பாரு, பால் வத்தின கிழட்டு மாடு மாதிரி!"

வரிசையில் நின்ற ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். இன்னொருத்தி, "யா அல்லாஹ்" என்று முணுமுணுத்தாள்.

அந்த நேரம் பார்த்து யேரோ தெருமுனையிலிருந்து கையில் சில்லறையோடு ஓடி வந்தான். "இமாம், மன்னிச்சுக்குங்க, உங்க நோட்டுக்கு நாலு கடை ஏறி இறங்கினேன்..." என்றவன், வாசலில் நின்ற மூஞ்சிகளைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

ஸ்டூலில் இருந்தது யேரோ இல்லை. பள்ளிவாசல் இமாம் அன்சூ சானே. சோப்பு வாங்க வந்தவரைக் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி உட்காரவைத்துவிட்டு யேரோ சில்லறை மாற்றப் போயிருந்தான். இந்த இமாம் தெருவில் வந்தால் பந்து விளையாடுகிற பயல்கள் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொள்வார்கள். அவர் சிரித்து அந்த ஊரில் பார்த்தவர்கள் இல்லை.

திபோர் கட்டியிருந்த பட்டுத் துணியோடு வாசல் மண்ணில் உட்கார்ந்தாள். "இருட்டிலே... ஆள் தெரியலை... நான் கடைக்காரன்னு..." வார்த்தை குழறியது.

யாந்தே பின்னால் நின்றாள். பொய் சொல்லி என்ன, அவளுக்கு உள்ளே இனித்தது. நல்லா வேணும், என்னையா கேட்டே யாரு குடுக்கிறான்னு, என்று நினைத்தாள். வாயைத் திறக்காமல் நின்றாலே போதும். இந்த அவமானத்தோடு திபோர் இன்று சாயங்கால பஸ்ஸிலேயே ஏறிவிடுவாள். அடுப்பு தானாகத் திரும்பி வந்துவிடும்.

கீழே உட்கார்ந்திருந்தவளின் கை முந்தானையை இழுத்து முகத்தை மூடப் பார்த்தது. அந்தக் கையைப் பார்த்ததும் யாந்தேக்கு மனசு கேட்கவில்லை. சனியனே, என்று தன்னையே திட்டிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"இமாம், எங்க மதினி ஆளை வேணா மாத்திப் பார்த்திருப்பாங்க. முறையை மாத்திப் பேசலை. நீங்க சானே குடும்பம். தெற்கே கசமான்ஸிலேர்ந்து வந்த ஜோலா இனம். செரேருக்கும் ஜோலாவுக்கும் முறை இல்லையா? புலாருக்குச் சொன்னது உங்களுக்கும்தான் பொருந்தும். நீங்களும் எங்க அடிமைதான்!"

இமாமிடம் இந்த வார்த்தையை யார் சொல்வார்கள்? முறை இருப்பது அவளுக்கு எப்போதும் தெரியும். மரியாதைக்கு அஞ்சி வாயை மூடிக்கொண்டு இருந்தவள்தான்.

இமாம் குல்லாவைச் சரி செய்தார். தாடி ஒரு பக்கம் துடித்தது. அப்புறம் இன்னொரு பக்கம். திடீரென்று கம்பி வலை அதிரச் சிரித்தார்.

"கம்பு தின்னிக் கூட்டமே!" என்று கத்தினார். "அரிசின்னா என்னன்னு உங்களுக்கு எங்க பாட்டன்தானேடி காட்டினான்! அதுக்கு முன்னாலே கோழிக்குப் போடுறதைத் தின்னுக்கிட்டு இருந்தீங்க! யாருடி மாடு? எழுந்திரிடி கவ்லாக்குக்காரி, மண்ணு ஒட்டுது!"

திபோர் அண்ணாந்து பார்த்தாள். இமாமின் கண் கலங்கியிருந்தது.

"இந்த ஊருக்கு வந்து எத்தனையோ வருஷம் ஆச்சு" என்றார் குரல் தழைந்து. "எல்லாரும் சலாம் சொல்றாங்க, கையைக் கண்ணிலே ஒத்திக்கிறாங்க. ஒருத்தராவது உரிமையா ஒரு வார்த்தை திட்டினாங்களா? எங்க ஊரிலே திட்டாதவங்க இல்லை. நீங்க ரெண்டு பேரும் நல்லா இருக்கணும்." உடனே குரலை உயர்த்தினார். "அடிமைன்னு சொல்லியாச்சு. அடிமைக்குச் சோறு போடுறது எசமானி கடமை. நாளைக்கு மத்தியானம் லுஹர் தொழுதுட்டு வர்றேன். தனியா வருவேன்னு நினைக்காதீங்க."

வரிசையில் நின்ற பெண்களெல்லாம் கைதட்டினார்கள். திபோர் மட்டும் தட்டவில்லை. முடிச்சில் இருக்கிற சில்லறை அவளுக்கு மட்டும்தானே தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் யாந்தேயின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அடியே, காசு தீர்ந்துபோச்சு. இமாம் வர்றார். என் மானத்தைக் காப்பாத்துடி."

"எனக்குக் குடுக்கிறவங்ககிட்டேயே கூட்டிட்டுப் போறேன் மதினி" என்றாள் யாந்தே. "நாளைக்கு விடியக் கிளம்புங்க. பழைய துணியாக் கட்டிக்குங்க."

பழைய துணி என்று ஒன்று திபோரிடம் இருந்தால்தானே! பூ வேலை செய்த துணியோடுதான் கடற்கரையில் வந்து நின்றாள். கரைவலை இழுக்கிறவர்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்திருந்தார்கள். கயிற்றில் கை வைத்தவருக்கு மீனில் பங்கு உண்டு. அது அந்தக் கரையின் வழக்கம். யாந்தே இடம் பார்த்து நின்று, "ஹோய்" என்று இழுத்தாள். படகுக்காரன்கள் அவளிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள், அவளும் பதிலுக்கு ஏதோ சொன்னாள். இவ்வளவுதானா இளிப்பு என்று திபோருக்கு உறைத்தது. உறைத்த வேகத்தில் அவளும் கயிற்றைப் பிடித்து ஓர் இழு இழுத்தாள். ஈர மணலில் கால் வழுக்கி, பூ வேலையோடு அப்படியே அலைக்குள் பொத்தென்று உட்கார்ந்தாள். கரையே சிரித்தது. கயிற்றை விட்டாளா என்றால் விடவில்லை. அந்தப் பிடிவாதம் கிழட்டுப் படகுக்காரர் ஒருவருக்குப் பிடித்துப்போயிற்று. பங்குச் சாளைமீனுக்கு மேலே கையளவு களவா ஒன்றை அவள் மடியில் போட்டார். "இது நீ விழுந்ததுக்கு" என்றார்.

யாந்தே சாளையை இடித்து உருட்டினாள். களவாவின் வயிற்றில் பச்சைமிளகாயும் பூண்டும் திணித்தாள். வேலியோரம் தானாக முளைத்த புளிச்சக்கீரையைப் பறித்து மசித்தாள். முடிச்சில் மிஞ்சிய சில்லறைக்கு மரவள்ளிக்கிழங்கு, பாதி முட்டைக்கோஸ், கசப்புக் கத்திரிக்காய். யேரோ தக்காளி விழுதை ஒரு காகிதம் நிறையக் கட்டி அனுப்பினான், கூடவே எழுத முடியாத ஒரு வசவும். திபோர் அடுப்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்தாள். இறக்கியதும் யாந்தே காந்தலைச் சுரண்டி, மீன் தலையை இரண்டாகப் பிளந்து, பாதியை அவளிடம் நீட்டினாள். "முதல்லே நாம சாப்பிடணும் மதினி. இல்லேன்னா பரிமாறும்போது கை சுருங்கும்." திபோர் முள்ளைக்கூட விடாமல் சப்பித் தின்றாள். கடலில் விழுந்த பசி.

இமாம் மூன்று பேரோடு வந்தார். பெண்கள் ஒதுங்கப் பார்த்தபோது, "எசமானிங்க உட்காராம அடிமை எப்படிடி சோத்திலே கை வைப்பான்?" என்று அதட்டி உட்காரவைத்தார். தாம்பாளத்தைச் சுற்றித் தோளோடு தோள் இடித்தது. சோறு சிவந்து மினுங்கியது. நடுவில் உருண்டைகள், கிழங்கு, கீரை மசியல். எல்லாவற்றுக்கும் மேலே, கையளவே இருந்த அந்தக் களவா.

எல்லார் கையும் காத்திருந்தது. திபோர்தான் வயதில் மூத்தவள், ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பிய்க்கிறவளும் அவள்தான். வழக்கம்போல அவள் கை மீனுக்கு நீண்டது. வளையல் குலுங்கியது. யாந்தே குனிந்து தன் பக்கத்துச் சோற்றைப் பார்த்துக்கொண்டாள்.

திபோரின் கை மீனைத் தொடாமலேயே நின்றது. அந்தச் சின்ன மீனையும் சுற்றி இருந்த கைகளையும் ஒருமுறை பார்த்தாள். கையை இழுத்துக்கொண்டாள்.

"நீயே பிச்சுப் போடு யாந்தே" என்றாள். "எனக்கு இது வராது."

யாந்தே பிய்த்தாள். இமாமுக்கு ஒரு துண்டு, அவரோடு வந்தவர்களுக்கு, தம்பிக்கு, பிள்ளைகளுக்கு, சுவரைப் பார்த்துப் படுத்த லாத்திருக்கும்கூட. உருண்டை ஒன்று, கிழங்கு ஒன்று, கீரை ஒரு விரல். வாசலில் எவனோ போனான். கூப்பிட்டார்கள், அவனும் உட்கார்ந்தான், அவன் பக்கமும் மீன் போயிற்று. திபோர் தன் சோற்றை அள்ளியபோது அதற்குள் களவாவின் கன்னச்சதை இருந்தது. எப்போது வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"என் பக்கம் முள்ளும் வெங்காயமும்தான் வருது! செரேர் புத்தியைப் பாரு!" என்று இமாம் வாய் நிறைய மீனோடு கத்தினார்.

"லாத்திர்" என்றாள் திபோர். "சனிக்கிழமை கூலியை இவ கையிலேயே கொடு. யாரு குடுக்கிறான்னு நான் கேட்டேன் பாரு, அந்த வாய்க்கு மீன் இறங்கவே கூடாது. எனக்கு ஊருக்குப் போகப் பஸ் காசு மட்டும் குடுத்துடு, போதும்."

லாத்திர் யாந்தேயைப் பார்த்தான். "அதையும் இவகிட்டதான்க்கா கேட்கணும்" என்றான்.

யாந்தே கடைசித் துண்டைத் திபோரின் பக்கம் தள்ளினாள். "பஸ் காசு கிடைக்கும் மதினி" என்றாள். "ஆனா சனிக்கிழமை வரைக்கும் தினம் விடியக் கயிறு இழுக்க வரணும்."